எலுமிச்சம்பழம் பொய் சொல்லாது

பல்லடத்தைத் தாண்டி உடுமலை ரோட்டில் ஸ்கூட்டர் நுழைந்ததும் ஜெரோம் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். ஹேண்டில்பாருக்கு ஒற்றைக் கைதான் மிச்சம். ஆடிக் காற்று வேறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மாசாணியம்மாள் குடைக் காம்பால் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். கோழிப்பண்ணை நாற்றத்தில் இதுவரை யாரும் செத்ததில்லை, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிச் செத்தவர்கள் நிறையப் பேர் என்றாள். ஜெரோம் மூக்கை விட்டான்.

மாசாணியம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டவள். எல்லா ஊருக்கும் எஸ்.டி.டி. வந்து கேட்க ஒன்றுமில்லாமல் போனதும் வேலையை விட்டுவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். வீட்டில் பொருள் களவு போனால் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். அரைக்கக் கை வலிக்கிறவர்கள்தான் அதே பேருள்ள நம்மைத் தேடி வருகிறார்கள் என்பது உதவியாளன் ஜெரோமின் கருத்து. ஜெரோம் கம்ப்யூட்டர் கோர்ஸில் பாதி படித்து, மீதிப் பாதியில் அங்கே டைப்பிங் கற்க வந்த பெண்ணைக் காதலித்து, இரண்டிலும் தேறாதவன். இன்றைக்கு அந்தப் பாதிப் படிப்பு தேவைப்பட்டதால் வழியெல்லாம் கொஞ்சம் மிதப்பாகவே வந்தான்.

காலையில் போன் செய்தவர் நரசிம்மலு. பல்லடத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேட்சரி வைத்திருப்பவர். எந்தத் தட்டில் என்றைக்கு முட்டை வைத்தார்கள், குஞ்சு எப்போது வெளியே வரும், எந்தப் பண்ணைக்குப் போகும் என்று எல்லாவற்றையும் சொல்லும் ஒரு சாஃப்ட்வேரை அவர் வாங்கியிருந்தார். அதை எழுதியது கயல்விழி என்ற பெண். காந்திபுரத்தில் பங்காரு என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் எல்லாம் சமர்த்தாக ஏறி உட்கார்ந்த சாஃப்ட்வேர், நரசிம்மலுவின் புதுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்லவும் இல்லை. கயல்விழி மூன்று தடவை வந்து பார்த்துவிட்டாள். மூன்று தடவையும் அதே கதை.

நரசிம்மலுவுக்கு விஷயம் வெயில் போலத் தெளிவாக இருந்தது. உடுமலையில் அவருக்கு ஒரு போட்டிக்காரர் உண்டு. அவர் அந்தப் பெண்ணைக் கைக்குள் போட்டுக்கொண்டார். நாளைக் காலையில் சுற்று வட்டார ஹேட்சரிக்காரர்கள் எல்லாரும் இந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் நரசிம்மலு தலைகுனிய வேண்டும் என்பதுதான் திட்டம். இன்று பொழுது சாய்வதற்குள் பெண்ணின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக் கூட்டத்தில் அவள் பேரைச் சொல்லி, இவள் கை வைத்ததை யாரும் வாங்காதீர்கள் என்று சொல்லிவிடப் போகிறார். பங்காருவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நிரூபணமானால் அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று பங்காருவும் சொல்லியாயிற்று.

"அப்ப நம்ம வேலை துப்பறியறது இல்லீங்க அக்கா. மிளகாய் அரைக்கிறதுதான்" என்றான் ஜெரோம்.

வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகாத பெண்ணின் பேரை ஊர் கூடிய இடத்தில் கெடுப்பது மாசாணியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் துப்பறிபவரைக் கூப்பிடும் கட்சிக்காரர்களையும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவளுடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

நரசிம்மலு வாசலிலேயே நின்று வரவேற்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். இந்தத் தொழிலில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்க வேண்டியவர் அவர்தானாம். உடுமலைக்காரர் முந்திக்கொண்டாராம். அது தெரிந்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போன வாரம் இறக்கிவிட்டாராம்.

"போன வாரம்னா ஆடிங்களே" என்றான் ஜெரோம், சும்மா இருக்க முடியாமல்.

நரசிம்மலு இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"தம்பி, எனக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாதுங்க. என்ற இன்குபேட்டர்ல இருக்கிற முட்டை ஆடின்னு சொல்லிப் பொரிக்காம இருக்குதுங்களா? தொண்ணூத்தி ஏழாம் வருசத்துல உக்காந்துட்டு ஆடி பாக்கறவன் தொழில் பண்ணக் கூடாதுங்க. மாட்டுச் சந்தைக்குத்தான் போகோணும்."

நல்ல பேச்சு. நாளைக் கூட்டத்துக்காக அவர் மனப்பாடம் செய்துவைத்திருப்பது கேட்டாலே தெரிந்தது. கம்ப்யூட்டரை எப்படி இயக்குவது என்று மாசாணியம்மாள் விசாரித்ததற்கு, ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னார். முதலாளிகள் சில விஷயங்கள் தெரியாமல் இருப்பதில் பெருமைப்படுவார்கள்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. போட்டிருந்தது. அந்தக் கட்டிடத்தில் குஞ்சுகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் அளந்து வைத்த சீதோஷ்ணம். மனிதர்களுக்கு ஆடிக் காற்று. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். தலைமேல் ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்து ஸ்டூலில் கயல்விழி முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஃப்ளாப்பிகள். அழுது முடித்து முகம் கழுவிய பெண் என்று மாசாணியம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"நீ குத்தம் பண்ணுனியான்னு நான் கேக்கப் போறதில்ல கண்ணு. என்ன நடக்குதுன்னு மட்டும் காட்டு" என்றாள்.

கயல்விழி முதல் ஃப்ளாப்பியைப் போட்டாள். திரையில் நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. இரண்டாவது ஃப்ளாப்பி கேட்டது, கொடுத்தாள். மூன்றாவது கேட்டது, கொடுத்தாள். பட்டை கடைசி வரை போய் நூறு என்று காட்டியது. பிறகு பெட்டி மறைந்துவிட்டது. தப்பு என்றும் சொல்லவில்லை, முடிந்தது என்றும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால் உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. ஒறம்பரையாக ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, பலகாரமும் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை என்றால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

இப்போது ஜெரோமின் முறை. பாதிக் கோர்ஸில் கற்றதையெல்லாம் செய்தான். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போட்டான். ஃப்ளாப்பியை வாயால் ஊதினான். உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தான், கடலளவு இருந்தது. வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தான். புதுக் கம்ப்யூட்டரில் வைரஸ்கூட இன்னும் குடிவரவில்லை. ஃப்ளாப்பிகளை வரிசை மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா என்றபோது கயல்விழி முதல்முறையாகச் சிரித்தாள். இதையெல்லாம் முதல் நாளே செய்துவிட்டதாகவும், கடைசி யோசனையை மட்டும் செய்யவில்லை என்றும் சொன்னாள்.

இவ்வளவு நேரமும் நரசிம்மலு கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசாணியம்மாள் அதைக் கவனித்தாள். கயல்விழி வந்த மூன்று தடவையும் இப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அவர். முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டதாம். அவள் உள்ளே இருக்கும்வரை ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுத்ததில்லை, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை. அவள் போனதும் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்துவிடுவாராம்.

நரசிம்மலு இன்குபேட்டர் பக்கம் யாரோ கூப்பிட வெளியே போனார். அந்த இடைவெளியில் கயல்விழி பேசினாள். அவள் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை. தன் மகள் முட்டை பொரிக்கும் மிஷின் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் எழுதியிருப்பதாகத் தோப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மிஷின் இல்லை, கணக்குத்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை.

"வேலை போனாக்கூட வேற தேடிக்குவேனுங்க அக்கா. காசு வாங்கிட்டுக் கெடுத்துப்போட்டான்னு பேரு வந்துட்டா எங்க போனாலும் கூடவே வரும். அப்பா காதுல அது விழுந்துரக் கூடாது" என்றாள்.

ஜெரோம் எதுவும் கிண்டல் செய்யவில்லை. அதுவே அபூர்வம்.

நரசிம்மலுவின் மனைவி ராமாமணி மோர் கொண்டுவந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் பெரிய பொட்டு. திருடியாக இருந்தாலும் வந்த பெண்ணுக்கு மோர் கொடுக்காமல் இருக்க முடியாது என்பதால் கயல்விழிக்கும் ஒரு டம்ளர் இருந்தது. மாசாணியம்மாள் மோரைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பூசை நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். ராமாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டிக்கு என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கலாம். இதற்கு எங்கே வைப்பது என்று முதலில் குழம்பிப் போனாராம். மவுஸுக்குக் கீழே ஒரு உருண்டை இருக்கிறது, அதுதான் சக்கரம் என்று டெலிவரி செய்ய வந்தவன் சொல்லி, அதை ஒரு பழத்தின் மேல் ஏற்றிப் பார்த்து, அது மறுபக்கம் சரிந்து விழுந்துவிட்டதாம். பிறகு ஒரு பழத்தைத் தலைமேலேயே வைத்துவிட்டார்.

"எல்லாம் முறைப்படிதானுங்க அம்மணி. ஆனியிலயே ஆரம்பிச்சாச்சு. ஆடியில யாராச்சும் புதுசா ஒண்ணு தொடங்குவாங்களா?"

ஜெரோம் மாசாணியம்மாளைப் பார்த்தான். கணவர் போன வாரம் என்கிறார். மனைவி ஆனி என்கிறார். மாசாணியம்மாள் முகத்தில் ஒன்றும் இல்லை, எக்ஸ்சேஞ்ச் முகம். எழுந்து போய் மானிட்டர் மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். விரலால் அழுத்தினாள். மூக்கருகே கொண்டுபோனாள். நல்ல மஞ்சள், நல்ல வாசனை. சாறு குறையவில்லை.

பழத்தை மாற்றினீர்களா என்று கேட்டாள். பூசையில் வைத்த பழத்தை யாராவது மாற்றுவார்களா என்று ராமாமணி பதறினார். அன்று வைத்ததுதான், அப்படியே இருக்கிறது.

சூடான மானிட்டரின் தலையில் ஆனி மாதம் வைத்த எலுமிச்சம்பழம் இந்நேரம் கோலிக்குண்டு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். பழம் கணவர் பக்கம் சாட்சி சொன்னது. ஆனால் ராமாமணியின் குரலில் பொய் இல்லை. பொய் சொல்லும் குரல் எப்படி இருக்கும் என்று மாசாணியம்மாளுக்குத் தெரியும். லட்சக்கணக்கான டிரங்க் கால் கேட்டவள். இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள், இரண்டு உண்மைக்கும் ஒரு மாதம் வித்தியாசம். மாசாணியம்மாள் பழத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு கயல்விழி பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, பேச்சு நடக்கறப்போ லைன் கட்டானா கரகரன்னு சத்தம் வரும். சத்தமே இல்லாம நின்னுச்சுன்னா யாரோ ரிசீவரை வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். உன்ற ப்ரோகிராம் சத்தமில்லாம நிக்குது. அப்பிடி நிக்கச் சொல்லி நீ எங்கயாச்சும் எழுதியிருக்கியா?"

கயல்விழிக்குக் கன்னம் சிவந்தது. ஓர் இடத்தில் எழுதியிருப்பதாக மெதுவாக ஒப்புக்கொண்டாள். இந்தச் சாஃப்ட்வேரைச் சிலருக்குப் பழகிப் பார்க்க என்று ஒரு மாதம் இலவசமாகக் கொடுப்பார்கள். மாதம் முடிகிறபோது சில கெட்டிக்காரர்கள் கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு இலவசமாகவே ஓட்டுவார்கள். அவர்களைப் பிடிக்க பங்காரு ஒரு பொறி வைக்கச் சொன்னார். சாஃப்ட்வேர் எழுதி முடிந்த நாளுக்கு முந்தைய தேதியை ஒரு கம்ப்யூட்டர் காட்டினால், அது தேதியைத் திருப்பிய கம்ப்யூட்டர். அதில் ஏறக் கூடாது. ஏன் ஏறவில்லை என்றும் சொல்லக் கூடாது. திருடனுக்கு எதற்குக் காரணம் என்பது பங்காருவின் வாதம்.

"ஆனா இவரு முழு விலைக்கு வாங்கினவருங்க. இங்க எதுக்கு யாரு தேதியைத் திருப்பப் போறாங்க? மணியும் சரியாத்தான் இருக்குதுங்க, நான் பாத்தேன்."

திரையின் மூலையில் மணி மூன்றே கால் என்றிருந்தது. மாசாணியம்மாளின் கைக்கடிகாரத்திலும் மூன்றே கால்.

"மணி சரி. மாசம்?"

ஜெரோம் மவுஸை நகர்த்தி அந்த மணியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினான். மூலையில் மணி மட்டும்தான் எப்போதும் தெரியும்; தேதி வேண்டுமென்றால் இப்படிப் போய் நிற்க வேண்டும். தேதி எட்டிப் பார்த்தது. ஜூலை ஒன்பது. சுவரில் தொங்கிய காலண்டரில் ஆகஸ்ட் ஏழு, ஆடி இருபத்திரண்டு.

"வாழ்க்கையில முதல் தடவையா என்ற கோர்ஸ் ஃபீஸுக்கு வேலை வந்துருக்குதுங்க" என்றான் ஜெரோம். கயல்விழி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மூன்று தடவை வந்தும் மணியைப் பார்த்துத் தேதியைப் பார்க்காமல் போனது அவளுக்குத் தாங்கவில்லை. சாஃப்ட்வேர் எழுதி முடிந்தது ஆடி பிறந்த பிறகுதான். கம்ப்யூட்டர் இன்னும் ஆனியிலேயே உட்கார்ந்திருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது என்று மூவரும் மூச்சு விடுவதற்குள் கதவருகே கைதட்டல் கேட்டது. நரசிம்மலு திரும்பி வந்திருந்தார். கடைசிப் பகுதி முழுவதையும் கேட்டிருந்தார்.

"மாட்டிக்கிச்சா?" என்றார். "இப்பிடி ஒரு பொறி இருக்கறது யாருக்குத் தெரியும்? எழுதுனவளுக்குத்தானே தெரியும். அவளே தேதியைத் திருப்பி வெச்சுப்போட்டு, ஏற மாட்டீங்குதுன்னு மூணு தடவை நாடகம் ஆடியிருக்கறா. அம்மணி, நீங்க பெரிய ஆளுங்க. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபிடிச்சுப்போட்டீங்க."

பேசிக்கொண்டே போன் பக்கம் நடந்தார். பங்காருவுக்குச் சொல்ல வேண்டும். கயல்விழியின் கையிலிருந்த ஃப்ளாப்பிகள் தரையில் விழுந்தன. நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. இங்கே வந்துபோனவர்களில் பொறியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஜெரோமுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து, உடனே வெட்கமாகவும் இருந்தது.

மாசாணியம்மாள் அவசரப்படவில்லை. போனை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு விளக்கம் வேண்டும் என்றாள். அவள் இந்தக் கம்ப்யூட்டரில் கை வைத்தபோதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"நானுங்க."

"கண்ணை எடுத்தீங்களா?"

"ஒரு நிமிசம் எடுக்கலீங்களே."

"தேதியைத் திருப்பறதைப் பாத்தீங்களா?"

நரசிம்மலு வாயைத் திறந்தார். பார்த்தேன் என்றால், அப்போதே ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். பார்க்கவில்லை என்றால் அவள் திருப்பவில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு உலகத்திலேயே நல்ல சாட்சி நீங்கள்தான் என்று மாசாணியம்மாள் அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவள் இல்லாத நேரத்தில் அறை பூட்டியிருந்தது. சாவி வீட்டம்மா இடுப்பில் இருந்தது.

நரசிம்மலு ஒரு நொடிதான் திணறினார். அடுத்த நொடியில் மனைவி பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். இவள்தான் செய்திருப்பாள், கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே ஆடி ஆடி என்று புலம்பினாள், மூட நம்பிக்கை, தன் வீட்டிலேயே இப்படி ஒரு ஆள் இருப்பது நாளைக்கு வெளியே தெரிந்தால் என்ன ஆவது என்று தலையில் கை வைத்தார். ராமாமணி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குவதை நிறுத்தினார்.

மாசாணியம்மாள் அவரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அம்மணி, இது ஆனியிலயே ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவாங்க? இவருதான்" என்றார் ராமாமணி. "ஆடியில எறக்கறீங்களேன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டனுங்க. மூட நம்பிக்கைன்னு திட்டுனாரு. சரின்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா இவருக்குத்தான் தூக்கம் வரலீங்க. பொரண்டு பொரண்டு படுத்துட்டு வெள்ளன எந்திரிச்சு என்னையக் கூட்டிட்டு வந்து காட்டுனாரு. இத பாரு, ஊருக்குத்தான் ஆடி, இதுக்கு ஆனி, இப்பப் பூசை போடுன்னாரு. போட்டேன்."

ஜெரோம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது.

நரசிம்மலு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களையும் சரி செய்தார். டெலிவரி செய்ய வந்தவனிடம் இதில் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டதும், அவன் கற்றுக்கொடுத்ததும், அன்றிரவு யாருக்கும் தெரியாமல் தானே வந்து மாற்றியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கம்ப்யூட்டரில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்றே தெரியாது என்று சொன்ன மனிதர், தேதியை மட்டும் துல்லியமாகத் திருப்பக் கற்றிருந்தார். அதற்கும் சாஃப்ட்வேர் ஏறாததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். நல்ல மாதத்தில் ஆரம்பித்த கம்ப்யூட்டர் எப்படி மக்கர் பண்ணும் என்றுதான் சதியைத் தேடினாராம்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி ஆடியிலதானுங்க ஜெனரேட்டர் வாங்குனேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வாங்குன வாரமே கரண்டு போச்சு. ஜெனரேட்டர் கெளம்பல. பொரிக்க இருந்த குஞ்சு அத்தனையும் ஓட்டுக்குள்ளயே போயிருச்சு. கத்துற சத்தம் ஒவ்வொண்ணா நின்னுச்சுங்க. வெளிய எல்லார்கிட்டயும் நம்பிக்கை இல்லைன்னுதான் சொல்றேன். உள்ள பயமா இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெரோம்கூடச் சுவரிலிருந்து திரும்பி ஒழுங்காக நின்றான். மாசாணியம்மாளுக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்காகத் தரையில் ஃப்ளாப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணை விட்டுவிடுவதாக இல்லை.

தேதியைச் சரி செய்தால் சாஃப்ட்வேர் ஏறிவிடும் என்றாள் கயல்விழி. நரசிம்மலு கலவரமானார். சரி செய்தால் ஆடி வந்துவிடுமே, ஆடியில் ஆரம்பித்தது ஆகிவிடுமே என்று தடுமாறினார். ஆவணி பிறக்கும்வரை பொறுக்கலாம் என்றால் கூட்டம் நாளைக்கு. அந்த முடிச்சை ராமாமணி அவிழ்த்தார்.

"ஆரம்பிச்சது ஆனியில. இப்ப ஆடி நடக்குது. மாசம் நடந்துதானே போகும், அங்கயே நிக்குமா? திருப்புங்க சாமி."

நரசிம்மலு இதை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. தலையசைத்தார்.

கயல்விழி தேதியைத் திருப்பினாள். ஃப்ளாப்பி ஒன்று, இரண்டு, மூன்று. நீலப் பட்டை ஓடி முடிந்தது. பெட்டி மறைந்தது. திரையில் ஒரு கோழிக்குஞ்சுப் படம் வந்து, முட்டைத் தட்டின் எண்ணைக் கேட்டது. ராமாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நரசிம்மலு கும்பிட்டு, காலையில் எல்லாரும் வருவார்கள், அம்மணியும் இருக்க வேண்டும் என்றார். மாசாணியம்மாள் எழுந்திருக்கவில்லை. போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். சற்று முன் பங்காருவுக்குத்தானே போன் செய்யப் போனீர்கள் என்று நினைவூட்டினாள்.

அவர் போனைப் பார்த்தார். வோல்டேஜ் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"வோல்டேஜால இந்தப் புள்ள பேரு கெடலீங்களே" என்றாள் மாசாணியம்மாள். "உங்க வாயாலதான கெட்டுது."

நரசிம்மலு எண்களைச் சுழற்றினார். மறுமுனையில் பங்காரு எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். உடுமலைக்காரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெண் காசு வாங்கவில்லை. ஆடிக்குப் பயந்து தேதியைத் திருப்பியது நான். சொல்லச் சொல்ல அவர் காது சிவந்துகொண்டே போனது. நாளைக் கூட்டத்தில் இதை எழுதியது யார் என்று பேரைச் சொல்லித்தான் காட்டுவேன், அவளே நின்று விளக்கட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அப்படிச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. பிறகு ரிசீவரை கயல்விழியிடம் நீட்டினார்.

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பங்காரு என்ன சொன்னார் என்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. மன்னிப்பாக இருக்காது, முதலாளிகள் போனில் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். கயல்விழி சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் குரல் மாறியது.

"ஒண்ணு மட்டும் மாத்தப் போறனுங்க சார். அந்தப் பொறி இருக்கட்டும். ஆனா ஏன் ஏறலைன்னு அது சொல்லிப்போட்டுத்தான் நிக்கும்." மறுமுனை ஏதோ ஆட்சேபித்தது. அவள் கேட்டுக்கொண்டாள். "திருடனாவே இருக்கட்டுங்க சார். அது வாய மூடிட்டு நின்னதுக்கு இன்னைக்கு நான் திருடி ஆயிருப்பேன்."

ரிசீவரை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாளைக்குக் காட்டுவதற்காக முதல் முட்டைத் தட்டின் எண்ணை அடிக்க ஆரம்பித்தாள்.